கொய்யா இலைக்கு ஒரு கையெழுத்து

விண்ணப்பம், நேர்காணல், தேர்வானதாக வந்த மின்னஞ்சல் எல்லாம் சுமுகமாகவே நடந்தன. மொரீசியஸில் எங்கள் பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவில் ஏப்ரல் விடுமுறையில் இரண்டு வாரம் ஓவியம் வரைய இடம் கிடைத்தது. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது பெரிய விஷயம். கஷ்டம் ஆரம்பித்தது ஒரு பை கொய்யா இலையில்.

எங்கள் ஊரில் 'கோயாவ் தெ ஷீன்' என்கிற சீனக் கொய்யாவைத் தெரியாதவர் இல்லை. வெளியூரிலிருந்து வந்து பூங்காவின் சொந்த மரங்களை மூச்சுமுட்ட வைத்திருக்கும் செடி அது. அந்த இலையைக் காய்ச்சி மை எடுத்து, அதே மையால் அந்தக் காட்டுப் பறவைகளை வரைவதுதான் என் திட்டம். இலையில் துவர்ப்பு அதிகம். வெறுமனே காய்ச்சினால் தேன் பழுப்பு வரும். துருப்பிடித்த ஆணி நான்கைந்து போட்டு ஒரு ராத்திரி வைத்தால் கரும்சாம்பல். மொரீசியஸ் வல்லூறின் முதுகுக்கும் இளஞ்சிவப்புப் புறாவின் வாலுக்கும் அந்தத் தேன் பழுப்பைவிடப் பொருத்தமான நிறம் கடையில் கிடையாது. 1974இல் காட்டில் அந்த வல்லூறு நான்குதான் மிஞ்சியிருந்தது. புறாவும் 1990 வாக்கில் பத்தைத் தொட்டு நின்றது. இன்று அது சில நூறு.

பூங்காவுக்குள் நெருப்பு மூட்டக்கூடாது, சரி. தங்குமிடம் எல்லைக்கு வெளியே, அங்கே அடுப்பு உண்டு. ஆக, இலையை வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்கான அனுமதிப் படிவத்தில் 'எடுத்துச் செல்லும் பொருள்' என்ற இடத்தில் 'கொய்யா இலை' என்று நேர்மையாக எழுதினேன். அந்த நேர்மைக்கு விலை மூன்று பயணம்.

முதல் முறை அனுமதி அலுவலகத்துக்குப் போனபோது, நாங்கள் 'மொராலிட்டி' என்கிற நன்னடத்தைச் சான்றிதழ் மூன்று மாதத்தைத் தாண்டி நான்கு நாள் ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். இலை பறிக்கிறவனுக்கு நன்னடத்தை எதற்கு என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. இரண்டாம் முறை செடியின் தாவரவியல் பெயர் வேண்டுமாம். ஃபோனில் தேடி அங்கேயே எழுதிக்கொடுத்தேன். "எழுதியதை அடித்துத் திருத்தக்கூடாது, புதுப் படிவம் வேண்டும்" என்றார் குமாஸ்தா. புதுப் படிவம் தீர்ந்துபோயிருந்தது. மூன்றாம் முறை எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பு. மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நான் தங்கப்போவதே இரண்டு வாரம்!

எரிச்சல் எதில் என்றால், பழக்காலத்து ஞாயிற்றுக்கிழமை பூங்காவின் பெத்ரின் நுழைவாயில் பக்கம் போய்ப் பாருங்கள். குடும்பம் குடும்பமாக வாளியில் பறித்து, உப்பு மிளகாய் தொட்டுத் தின்றுகொண்டிருப்பார்கள். யாரும் சீட்டு கேட்பதில்லை. செடியைப் பிடுங்கவே ஆள் வைத்துச் சம்பளமும் கொடுக்கிறார்கள். முறைப்படி கேட்டவனுக்கு மட்டும் சட்டம்.

முதல் மூன்று நாள் பென்சிலோடு உட்கார்ந்தேன். நான்காம் நாள் களையெடுக்கும் குழுவில் ஒரு பெரியவர் என் பெயரைக் கேட்டதும் "வணக்கம்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அத்தோடு சரி, மிச்சம் எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல். கதையைக் கேட்டுவிட்டு வெட்டிப் போட்டிருந்த குவியலைக் காட்டினார்.

"இது செடியா?"

"செடிதானே ஐயா?"

"வெட்டும்வரை செடி. வெட்டிய பிறகு குப்பை. குப்பையை அகற்ற எங்கள் மேற்பார்வையாளர் கையெழுத்தே போதும்."

பத்து நிமிடத்தில் சீட்டு கையில். 'கழிவு அகற்றல், ஒரு பை.' மூன்று பயணத்தின் டாக்சிக் காசு கண்முன் வந்துபோனது.

இதே வேலைக்கு வருகிறவர்கள் கவனியுங்கள்: வெட்டிய தூரில் களைக்கொல்லி தடவுகிறார்கள், ஆகவே மேல் கொப்புகளை மட்டும் எடுங்கள், கையுறை போடுங்கள். பெத்ரின் ஈரத்தில் தாள் காயவே காயாது. முந்நூறு ஜி.எஸ்.எம். தாளைவிட மெல்லியதைக் கொண்டுபோகாதீர்கள், மை போட்டதை ராத்திரி அறைக்குள் தொங்கவிடுங்கள். ரொட்டியை மேசையில் வைக்கவே வைக்காதீர்கள்.

ரொட்டிக்குக் காரணம் குரங்கு. காயப்போட்டிருந்த வல்லூறின் மேலேயே நடந்துபோய் எடுத்துக்கொண்டது. இறக்கையில் இரண்டு கைத்தடம். இந்தக் குரங்கும் கப்பலேறி வந்ததுதான், பறவை முட்டையைத் திருடுவதற்குப் பேர்போனது. 'வந்தேறி' என்று திட்ட வாய்வரை வந்தது. என் பாட்டனின் பாட்டனும் கப்பலில் வந்தவர்தானே என்று விழுங்கிக்கொண்டேன். தடத்தை அப்படியே விட்டுவிட்டேன், படத்துக்கு அது பொருந்தித்தான் இருந்தது.

கடைசி நாள் சின்னக் கண்காட்சி. அட்டையில் எழுதும் மூலப்பொருள் அனுமதிச் சீட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும் என்று அதே குமாஸ்தா தொலைபேசியில் சொல்லிவிட்டார். 'கொய்யா இலை மை' என்று எழுதினால் செடிக்கான அனுமதி எங்கே என்று கேட்பாராம். அம்மா வந்து, படத்துக்கு முன்னால் நின்று, பிரெஞ்சில் இருந்த அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"யார்டா இது, உன் படத்தைக் குப்பை என்று எழுதி வைத்தவன்? பெயரைச் சொல்லு."

"நான்தான்மா."