அம்மாவின் வயிறும் ஒரு படி சாமையும்

போன மாதம் அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கி ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, ஆனால் வயிறு கெட்டுப்போய் நாளுக்கு நாலைந்து தடவை பாத்ரூம் ஓட, சேலம் அம்மாபேட்டையிலிருந்து செவ்வாய்ப்பேட்டை கடைக்குப் போகக்கூடப் பயந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மாத்திரை உள்ளே என்னதான் செய்தது என்று உட்கார்ந்து படித்தேன்.

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் கணக்குப் போட்டார்கள், நம் சொந்த செல்களோ 30 லட்சம் கோடிதான். கிட்டத்தட்ட எல்லாமே பெருங்குடலில், அதிலும் பெரும்பங்கு ஃபர்மிக்யூட்ஸ், பாக்டீராய்டீட்ஸ் என்று இரண்டே கூட்டம். (2021இல் பாசிலோட்டா, பாக்டீராய்டோட்டா என்று பெயரை மாற்றிவிட்டார்கள், நான் பழையபடியே எழுதுகிறேன்.) தானியமும் காய்கறியும் அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் பாக்டீராய்டீட்ஸ் கூட்டத்தைச் சேர்ந்த பிரெவோடெல்லா என்கிற பாக்டீரியா நிறைய இருக்கும். பால்குடிக் குழந்தைகளுக்கு ஆக்டினோபாக்டீரியா கூட்டத்தின் பைஃபிடோபாக்டீரியம். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சில சர்க்கரைகள் உண்டு, அவை இந்த பாக்டீரியாவுக்கான சாப்பாடாம்! கைக்குழந்தை வைத்திருக்கிற அக்காவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன்.

சரி, அம்மா விஷயம். ஃபர்மிக்யூட்ஸில் சில, நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்கிற ஒன்றைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கியமான எரிபொருள். அதை எரிக்க அவை ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் குடலுக்குள் ஆக்சிஜன் அதிகம் கசிவதில்லை. ஆன்டிபயாடிக் அந்தக் கூட்டத்தை அடித்துவிட்டால் பியூட்டிரேட் குறைந்து, ஆக்சிஜன் கசிந்து, அதுவரை ஓரமாகக் கொஞ்சம்போல இருந்த ஈ.கோலை மாதிரியான புரோட்டியோபாக்டீரியா, ஆக்சிஜனிலும் வாழத் தெரிந்தவை என்பதால், மளமளவென்று பெருகிவிடுகின்றன.

அம்மா ஒரு வாரமாக ஜவ்வரிசிக் கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தார். நம்ம ஊர் ஜவ்வரிசி வயிற்றுக்கு இதம்தான், ஆனால் அது வெறும் மாவுச்சத்து, பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும், கீழே காத்திருக்கிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் வயிறு கொஞ்சம் அடங்கியதும் அதிகம் தீட்டாத சாமை ஒரு படி வாங்கிவந்து, அப்புறம் தினமும் மதியம் குழைய வடித்து மோர் ஊற்றிக் கொடுத்தேன். "மலைக்காரங்க கொண்டு வருவாங்க கண்ணு, எங்கம்மா வாரத்துக்கு ரெண்டு நாள் இதைத்தான் பொங்கும்" என்றார் முதல் வாயிலேயே.

நேற்று அவரே பையை எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்வந்தார்.