இடமா, வலமா?

சென்னை அதிகாரிகளோடு இணையவழி நடந்த மண்டபத்துக் கூட்டத்தின் நடுவில், இரண்டு ஸ்பீக்கர்களிலும் தனித்தனி ஒலி வரும் ஸ்டீரியோவை, இரண்டிலும் ஒரே ஒலி வரும் மோனோவாக மாற்றியது பற்றி இன்றுவரை எனக்குள் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையில் இருந்த அதிகாரிகள், இங்கே ஸ்பீக்கரில் வரும் தங்கள் குரலே நம் மைக் வழியாகத் திரும்பி வருவதாகச் சொல்லி இரண்டு முறை பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மாற்றியதும் எதிரொலி அடங்கியது. அப்போது முன்வரிசையில் இருந்த விசைப்படகுக்காரர் ஒருவர், "தம்பி, முன்னாடி இடது பக்கம் ஒருத்தரு, வலது பக்கம் ஒருத்தருன்னு கேட்டுச்சு. இப்ப யாரு பேசுறாங்கன்னே வெளங்கலையே" என்றார். "எதிரொலி நின்னுருச்சுல்ல ஐயா" என்றேன். அந்த எதிரொலி அவருக்கு ஒருபோதும் கேட்டதில்லை.

கணக்குப்படி நான் செய்தது சரி. சென்னையில் ஒருவர் பேசும்போது இரண்டு மைக்குகளும் எடுப்பது அதே குரலைத்தான் என்பதால், இங்கே இரண்டு ஸ்பீக்கர்களிலும் வரும் ஒலிகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. நொடிக்கு 16,000 மாதிரிகள் எடுத்து 128 மில்லிநொடி எதிரொலியைக் கணித்துக் கழிக்கும் வடிகட்டிகளில், ஸ்பீக்கருக்கு ஒன்றான ஒலித்தடம் ஒவ்வொன்றுக்கும் 2,048 கெழுக்கள், அதாவது அவை தாமே கற்றுத் திருத்திக்கொள்ளும் எண்கள், உண்டு. அவை எதிரொலியை அழித்துவிட்டாலும் நம் கூடத்தின் ஒலிப்பாதையைக் கற்றுவிட்டன என்று சொல்ல முடியாது. பேசுபவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மட்டும் பொருந்துகிற எண்ணற்ற விடைகளில் ஒன்றை அவை பிடித்திருக்கலாம். அடுத்தவர் வாய் திறந்ததும், இங்கே ஒரு நாற்காலிகூட நகராதபோதும், எதிரொலி மீண்டும் எழும். சோந்தி, மோர்கன், ஹால் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1995-இல் விளக்கிய சிக்கல் இது. இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் சிக்கலே இல்லை.

ஆனால் 1998-இல் பெனஸ்டி, மோர்கன், சோந்தி காட்டிய வழியும் எனக்குத் தெரியும்: ஒவ்வொரு தடத்தின் ஒலியோடும் அதன் அரை அலையை (அலையின் ஒரு பக்கத்தை மட்டும்) சற்றுக் கூட்டி, இரண்டு தடங்களின் பிணைப்பைக் குலைப்பது. பேச்சில் அந்தத் திரிபு காதுக்கு அநேகமாகத் தெரியாது, திசையும் கெடாது. அந்த நிரல் என் மடிக்கணினியிலேயே இருந்தது. நடுக்கூட்டத்தில் சோதித்துப் பார்ப்பது முறையல்ல என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். முறையிட்டது சென்னையாக இல்லாமல் முன்வரிசையாக இருந்திருந்தால் துணிந்திருப்பேனோ என்ற கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

லைன் தாங்காததால் படத்தை முன்பே நிறுத்தியிருந்தோம். மோனோவில் ஒரு குரல் "பார்க்கலாம்" என்றது. இன்னொன்று "விதியில் இடமில்லை" என்றது. விசைப்படகுக்காரர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, இடப்பக்கப் பெட்டியையும் வலப்பக்கப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "பாக்கலாம்னது பெரியவரா, சின்னவரா?" என்று கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.