காய்ச்சல் ஆய்வகத்திலிருந்து போகும் பெட்டி

பல வருடங்களாக ஃப்ளூ வைரஸைக் கண்டறியும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தோடு ஒரு நாடு கைகோத்திருப்பதன் பலனை நான் பார்சல் கட்டும் மேசையில்தான் பார்த்திருக்கிறேன். சளி மாதிரி உள்ள குப்பி, அதைச் சுற்றிப் பஞ்சு, கசியாத இரண்டாவது டப்பா, அதற்கு வெளியே கெட்டியான பெட்டி, நிறைய உலர்பனி. ஒரு தாள் குறைந்தாலும் விமான நிலையத்தில் பெட்டி நின்றுவிடும். உலர்பனி தீர்ந்தால் உள்ளே இருக்கும் வைரஸ் வீணாகிவிடும்.

இப்படிப் பல நாடுகளிலிருந்து அந்த நிறுவனத்தோடு இணைந்த மையங்களுக்குப் போகும் மாதிரிகளை வைத்துத்தான் அடுத்த தடுப்பூசியில் எந்த வைரஸ்கள் இடம்பெற வேண்டும் என்று வருடத்துக்கு இரண்டு முறை முடிவாகிறது. மாதிரிகளைப் பகிரும் இந்த ஆய்வக வலையமைப்பு 1952 முதல் இயங்குகிறது.

அப்புறம், ஆய்வகங்களுக்கும் பரீட்சை உண்டு. விவரம் எழுதாத குப்பிகள் வெளியிலிருந்து வரும். எதில் எந்த வைரஸ், எதில் ஒன்றுமே இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பேதம் இதில் கிடையாது. மனிதரிடம் புது வகை ஃப்ளூ தென்பட்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கின்றன சர்வதேச சுகாதார விதிமுறைகள். அன்றைக்கு எங்கள் பேச்சை மற்றவர்கள் நம்ப வேண்டுமானால், இந்தப் பரீட்சைகளில் முன்பே தேறியிருக்க வேண்டும்.

கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியும் நியாயமானதுதான். 2007-இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் மாதிரிகளை அனுப்ப மறுத்தது. தங்கள் நோயாளிகளிடமிருந்து போகும் வைரஸில் தயாராகும் தடுப்பூசி தங்களுக்கே எட்டாமல் போகிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருந்தது என்றே நினைக்கிறேன். அந்தச் சர்ச்சையிலிருந்துதான் 2011-இல் ஓர் உடன்பாடு பிறந்தது: பெருந்தொற்றாக மாறக்கூடிய ஃப்ளூ வைரஸ்களைப் பெற்றுக்கொள்ளும் தடுப்பூசி நிறுவனங்கள் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கை உலக நாடுகளுக்காக ஒதுக்க வேண்டும்.

பி வகை ஃப்ளூவில் யமகாட்டா என்று ஒரு கிளை. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது எங்கும் சிக்கியதாக உறுதியாகவில்லை. எங்களிடம் வரவில்லை என்பதற்காக அது உலகத்திலேயே இல்லை என்று நாங்கள் சொல்லிவிட முடியுமா? ஊர் உலகமெல்லாம் தேடிப் பார்த்து 'இல்லை' என்று அனுப்பிய பிறகுதான், 2023 செப்டம்பரில் அதைத் தடுப்பூசியிலிருந்து எடுத்துவிடலாம் என்றார்கள் நிபுணர்கள். வைரஸ் இல்லாத மாதிரிகளையும் விடாமல் எண்ணி வாரக் கணக்கில் சேர்க்கச் சொல்லி, புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.