ஒற்றைக் காலில் நிற்கப் பழகுகிறேன்

காவேரிப்பட்டணத்தில் நாங்கள் வாலிபால் ஆடும் இடம், மாந்தோப்பை ஒட்டிய மேடுபள்ளமான செம்மண் தரை. சென்ற ஆண்டு ஒரு மாலையில், எம்பி அடித்துவிட்டு இறங்கும்போது, எதிரணியில் தடுக்க எழும்பியவரின் பாதத்தின் மேல் என் வலது கால் விழுந்து உட்புறமாகப் பிரண்டது. வலைக்கு அருகில் ஆடுபவர்களுக்குக் கணுக்கால் சுளுக்கு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

அன்றிரவே எண்ணெய் தடவிச் சுளுக்கு வழித்துக்கொண்டேன். விடிவதற்குள் வீக்கம் இரு மடங்காகியது. புதுக் காயத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்பதை அதன் பிறகே அறிந்தேன். அடிபட்ட உடனேயும் பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாமலிருந்தாலோ, கணுக்கால் மொட்டின் பின்விளிம்பில் எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, எலும்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரே எடுத்து உறுதிசெய்துகொள்வது அவசியம்.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டதென்று நம்பி ஆடப் போனதுதான் நான் செய்த பெரிய தவறு. அடுத்த நான்கு மாதங்களில் அதே கால் இருமுறை பிரண்டது. அதில் ஒரு முறை, பேருந்திலிருந்து இறங்குகையில், காலடியில் ஒரு சிறு கல் இருந்ததைத் தவிர வேறு காரணமே இல்லை.

கணுக்காலின் வெளிப்புறத்தை மூன்று தசைநார்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கால் உட்புறமாகப் பிரளும்போது பெரும்பாலும் முன்பக்க நார்தான் முதலில் கிழிகிறது. நார் மட்டுமா, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நொடிதோறும் உணர்த்தும் நரம்பு முனைகளும் அதனுடன் சேர்ந்து சேதமடைகின்றன என்பதை, ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1965-இல் சுட்டிக்காட்டி, நிலைதடுமாறும் கணுக்காலுக்குச் சமநிலைப் பயிற்சியைப் பரிந்துரைத்தார். எனவே, நார் ஆறிய பிறகும் கால் பிரளத் தொடங்கியது தசைகளுக்குத் தாமதமாகவே தெரிகிறது; அதற்குள் பிரண்டு முடிந்துவிடுகிறது. ஓய்வு இதைச் சரிசெய்யாது என்பதே இந்த ஓராண்டில் எனக்குப் புரிந்தது.

இப்போது காலையில் பல் துலக்கும்போது, கிணற்றடிச் சுவருக்கு அருகில், எதையும் பிடித்துக்கொள்ளாமல் வலது காலில் மட்டும் நிற்கிறேன். குனிந்து பார்த்தால் கணுக்காலுக்கு முன்னே தசைநாண்கள் புடைத்து நடுங்குவதும், பெருவிரல் மண்ணைக் கவ்வப் பார்ப்பதும், பாதத்தின் வெளிவிளிம்பு எழும்பி எழும்பித் தாழ்வதும் தெரிகின்றன. அந்த நடுக்கம்தான் பயிற்சி. அது அடங்கியதும் மடித்த போர்வையின் மேல் நிற்கிறேன், பிறகு கண்ணை மூடிக்கொள்கிறேன். மாலையில், ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்புறமாக இழுப்பது 15 முறை வீதம் மூன்று சுற்று. இது கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகளுக்கு. திண்ணைப் படியில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவதையும் விடுவதில்லை. வலி கூடினால் அன்று நிறுத்திவிடுகிறேன்.

கண்ணை மூடினால் இடது காலில் 30 விநாடி அசையாமல் நிற்கிறேன். வலது காலில் இன்னும் 18 விநாடிதான். இரண்டும் சமமாகும்வரை வலைக்கு அருகில் ஆடுவதில்லை என்று அணியினரிடம் சொல்லிவிட்டு, பின்வரிசையில் நின்று பந்தெடுத்துக்கொண்டிருக்கிறேன்.