பதினொரு படிகள்

இன்றைக்குத்தான் கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கினேன். முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்து, அதில் தையல் போட்டு 14 வாரம் ஆகிறது.

என் கிழிசல் வெளி விளிம்பில் இருந்தது. அங்கேதான் ரத்த ஓட்டம் நன்றாக இருக்குமாம், அதனால் தைக்க முடிந்தது. உள்பக்கம் என்றால் பெரும்பாலும் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். எலும்புக்குள் நீர் கோத்திருந்த இடமும் மெல்ல வற்றி வருகிறது. குருத்தெலும்புதான் கவலை. அதற்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவம்தான் சாப்பாடு, அதுவும் காலை மடக்கி நீட்டினால்தான் உள்ளே இறங்கும். பிசியோ அக்கா தினமும் சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னதை இப்போது முழு மனதோடு செய்கிறேன். தொடையில் சதை திரும்பி வருவது கைக்குத் தெரிகிறது.

கீழே நின்ற அம்மா படிகளை எண்ணிக்கொண்டே இருந்தார்.