3.1 லிட்டர் ஆயில் பிடிக்கும் என்ஜினுக்கு எந்த கேன்? ஒரு சுற்று ஆயில் மாற்றிப் பார்த்த கணக்கு

வண்டிகள் மூன்று. 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்று, ஃபில்டரோடு 3.1 லிட்டர் ஆயில் என்கிறது கையேடு. 700 மில்லி பிடிக்கும் ஸ்கூட்டர் ஒன்று. டெஃப் (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா கரைசல்) கேட்கும் பிஎஸ்6 டீசல் கார் ஒன்று. வேலை நடந்த இடம் புதுச்சேரி முதலியார்பேட்டை. உப்புக்காற்று வீட்டுக்குள் வரும் ஊர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதி முடிவுகள் அதை வைத்துத்தான்.

கடையில் நின்று எல்லோரும் போடும் கணக்கு ஒன்றுதான்: விலையை கேன் மேல் இருக்கும் லிட்டரால் வகுப்பது. பெரிய கேன் எப்போதும் ஜெயிக்கும். வகுக்க வேண்டியது வண்டிக்குள் போகப்போகும் லிட்டரால். 4 லிட்டர் வாங்கி 3.1 ஊற்றி, மிச்சம் 900 மில்லி மூன்று வருடம் பரணில் கிடந்து கடைசியில் கேட் கீலுக்குப் போகிறது என்றால், நீங்கள் கொடுத்த முழு விலையும் அந்த 3.1 லிட்டருக்குத்தான்.

ஹேட்ச்பேக்குக்கு மூன்று வழி இருந்தது: 3 லிட்டர், 3.5 லிட்டர், 4 லிட்டர். வாங்கியது 3.5. ஊற்றிய அளவைப் பார்க்க கேனின் பக்கவாட்டுக் கோடுகளை நம்பவில்லை; சமையலறைத் தராசு போதும். என்ஜின் ஆயில் லிட்டருக்கு சுமார் 850 கிராம். ஊற்றும் முன் கேன் 3.16 கிலோ. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி, சூட்டோடு ட்ரெயின் நட்டைக் கழற்றி இருபது நிமிடம் வடியவிட்டு, புது வாஷர், புது ஃபில்டர் போட்ட பிறகு முதலில் 2.8 லிட்டர் மட்டும் ஊற்றியது. என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டால் ஃபில்டர் நிரம்பும். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) பார்த்தபோது இரண்டு கோடுகளுக்கும் நடுவில். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தியபோது தராசில் கேன் 560 கிராம். அதாவது உள்ளே போனது 2.6 கிலோ, சுமார் 3.06 லிட்டர். மிச்சம் 440 மில்லி.

இதில் இருந்து தெரிவது: 3 லிட்டர் கேனே போதும். பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் இடையே கிட்டத்தட்ட 1 லிட்டர் இருக்கும். 100 மில்லி குறைந்தால் மேல்கோட்டில் இருந்து பத்தில் ஒரு பங்கு இறங்கும், அவ்வளவுதான். ஆயில் குடிக்காத என்ஜின் என்றால் 3 லிட்டர் வாங்கலாம். சர்வீஸுக்கும் சர்வீஸுக்கும் நடுவே கொஞ்சம் இறங்கும் என்றால் 3.5. பழைய என்ஜின், 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லி குடிக்கிறது என்றால் 10,000 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் தனியாக வேண்டும். அங்கே 5 லிட்டர் கேன்தான் சரி, அதுவும் ஒரு வருடத்துக்குள் காலியாகிவிடும்.

4 லிட்டர் கேனில் இன்னொரு வம்பு உண்டு. "கொஞ்சந்தானே மிச்சம்" என்று முழுவதையும் கவிழ்த்துவிடுவது. 900 மில்லி கூடுதலாக ஊற்றினால் கிராங்க் (என்ஜினுக்குள் சுழலும் தண்டு) ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்பால் ஒழுங்காகத் தள்ள முடியாது. பிரீதர் குழாய் வழியாக ஆயில் காற்று இழுக்கும் இன்டேக்குக்கும் போகும், புகை வரும். அப்படி ஊற்றிவிட்டால் ஓட்ட வேண்டாம், ட்ரெயின் நட்டைத் தளர்த்தி எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து அளவு எடுப்பவர்களுக்கு: அங்கே சொல்லும் குவார்ட் 946 மில்லி, அவர்களின் ஐந்து குவார்ட் கேன் 4.73 லிட்டர். குவார்ட்டும் லிட்டரும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால் ஐந்தில் கால் லிட்டருக்கு மேல் இடிக்கும்.

மிச்சமான 440 மில்லியை பைக்கில் ஊற்றலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். கூடாது. கியர் பைக்கில் கிளட்ச் தட்டுகள் அதே என்ஜின் ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கும். கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், கிளட்ச் வழுக்கும். பைக் டப்பாவில் ஜப்பானியத் தரக் குறியான ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் உலர்ந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு ஜாஸோ எம்பி. ஆனாலும் 10டபிள்யூ-30 கிரேடு கேட்கும் ஸ்கூட்டருக்கு காரின் மெல்லிய 0டபிள்யூ-20 மிச்சத்தை ஊற்றுவது சிக்கனம் ஆகாது. இருசக்கர வண்டிக்கு 800 மில்லி, 900 மில்லி, 1 லிட்டர் என்று டப்பாக்கள் வருவதே என்ஜின் அளவுக்கு ஏற்றபடிதான். நம் ஸ்கூட்டருக்கு 800 மில்லி வாங்கி 700 ஊற்றியது. பின்சக்கரத்து கியர் ஆயில் தனி. 120 மில்லி சின்னக் குப்பியாகவே கிடைக்கிறது, லிட்டர் டப்பா வாங்கத் தேவையில்லை.

20 லிட்டர் பக்கெட் யாருக்கு? வருடத்துக்கு ஒரு சர்வீஸ் செய்யும் வீட்டுக்காருக்கு அது ஆறு வருடச் சரக்கு. சீல் உடைத்த ஆயிலை ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பகலில் சூடாகி உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். பாதி காலியான பக்கெட்டில் இது தினமும் நடக்கும். மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடும் டூரிஸ்ட் கார் என்றால் கதை வேறு: இரண்டு மாதத்துக்கு ஒரு சர்வீஸ், ஆறு சர்வீஸ், ஒரே வருடத்தில் பக்கெட் காலி. இரண்டு மூன்று பேர் ஒரே ரக வண்டி வைத்திருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பேரலில் இருந்து அளந்து தரும் லூஸ் ஆயிலில் கிரேடு என்ன, தயாரித்த மாதம் என்ன என்று பார்க்க வழியே இல்லை. கேனாக வாங்கினால் மூடிக்குள் இருக்கும் ஃபாயில் சீலை, மூடி வளையத்தை, கேனில் அச்சடித்த பேட்ச் எண்ணை, தயாரித்த மாதத்தைப் பாருங்கள். வேலை முடிந்ததும் காலி கேனில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுத்தான் காயலாங்கடைக்குக் கொடுக்க வேண்டும். நல்ல கேன் அப்படியே போனால் வேறு ஆயிலோடு திரும்பி வரும்.

பெட்ரோல் போட கடலூரில் இருந்து எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டி வருகிறவர்கள் கையோடு ஆயில் கேனையும் இங்கே வாங்கினால் லாபம் என்று நினைப்பதுண்டு. பெட்ரோலும் டீசலும் வாட் வரியில் இருப்பதால் எல்லைக்கு எல்லை விலை மாறுகிறது. என்ஜின் ஆயில் 2017 ஜூலையில் இருந்து ஜிஎஸ்டியில் இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி நெல்லித்தோப்பிலும் வரி ஒன்றே, பேரம்தான் வித்தியாசம்.

பிரேக் ஆயிலில் மட்டும் பேச்சே இல்லை, ஆகச் சின்ன டப்பா. டாட் 3, டாட் 4 இரண்டுமே காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 155 போதும் என்று அதே விதி சொல்கிறது. நம் ஊர் ஈரத்தில், திறந்து வைத்த லிட்டர் டப்பா அந்தப் பக்கம்தான் நகரும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது ஆயில் கொதித்து ஆவி அடைத்தால் பெடல் தரைக்குப் போகும்.

ஹேட்ச்பேக்குக்கு 500 மில்லி வாங்கியது. பிரேக் ஆயில் டேங்கில் இருந்த பழையதை ஊசியால் உறிஞ்சி எடுத்தது 150 மில்லி, அதே அளவு புதுசு. பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் நிறம் தெளியும்வரை வடித்தது சுமார் 80 மில்லி. மொத்தம் 470. மிச்சம் 30 மில்லியை எடுத்து வைக்கவில்லை. முதல் தடவை செய்பவருக்கு 500 இறுக்கமாக இருக்கும். சீல் உடைக்காத 250 மில்லி ஒன்றைக் கூட வைத்துக்கொண்டு, தேவைப்படாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுப்பது நல்லது. வேலை நடுவில் டேங்க் வற்றிக் காற்று புகுந்தால் எல்லாம் ஆரம்பத்தில் இருந்து. வீடியோக்களில் வலது பின்சக்கரத்தில் தொடங்கச் சொல்வது இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டுக்கு. நமக்கு பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம், தூரமான சக்கரம் இடது பின்பக்கம். கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதுதான் கணக்கு. பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், துணியால் தேய்க்காதீர்கள்.

கூலன்ட்டில் கணக்கு வேறு: இங்கே பெரிய டப்பா ஏமாற்றும். கலந்து வரும் 5 லிட்டர் கேனில் பாதிக்கு மேல் தண்ணீராகவே இருக்கலாம். ரேடியேட்டரின் கீழ்த் திருகைத் திறந்தால் முழுக் கொள்ளளவும் வராது, என்ஜின் பிளாக்கில் தங்கியது தங்கியதுதான். நமக்கு வடிந்தது 2.4 லிட்டர். 50:50 கலக்கச் சொல்லும் கான்சென்ட்ரேட்டில் 1.2 லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் 1.2 லிட்டர். 1:3 கலக்கும் ரகமும் விற்கிறது; டப்பாவில் எது போட்டிருக்கிறதோ அதை மாற்றக் கூடாது. பனி உறையும் பயம் நமக்கு இல்லை என்று தண்ணீரைக் கூட்டுபவர்கள் உண்டு. கூலன்ட் இங்கே துருவைத் தடுக்கவும் கொதிநிலையை ஏற்றவும்தான். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடலோரத்தில் பல தெருக்களில் அது உப்பு, அலுமினிய ரேடியேட்டரைத் தின்றுவிடும். நிறத்தைப் பார்த்து ரகம் முடிவு செய்யாதீர்கள், பச்சையும் சிவப்பும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

கியர் ஆயில் சுலபம். 2.2 லிட்டர் பிடித்தால் 1 லிட்டர் டப்பா இரண்டு, அரை லிட்டர் ஒன்று. ஜிஎல்-4 ரகம் கேட்கும் கியர் பெட்டிக்கு ஜிஎல்-4 தான்.

டீசல் காரின் டெஃப்புக்கு 20 லிட்டர் கேன்தான் லிட்டருக்கு மலிவாகப்படும். ஆனால் அது 32.5 சதவீத யூரியா கரைசல், சூடு அதற்கு ஒத்துக்கொள்ளாது. 25 டிகிரியில் 18 மாதம் தாங்குவது 30 டிகிரியில் 12 மாதமாகவும், 35 டிகிரியில் 6 மாதமாகவும் குறையும். மே மாதத்து மொட்டை மாடி ஷெட்டில் வைத்தால் ஆறு மாதம்கூடக் கிடையாது. வாங்கியது 10 லிட்டர், வைத்தது கட்டிலுக்கு அடியில். ஆயில் ஊற்றிய புனலை டெஃப்புக்கு எடுக்கவே கூடாது. பித்தளை அளவுப் பாத்திரமும் ஆகாது.

பெரிய கேனுக்கு நியாயமான ஒரு சந்தர்ப்பம் வெள்ளம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழை மாதிரி வண்டி நீரில் நின்று, டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி போல வந்தால், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வடித்து, ஃபில்டர் மாற்றி, மலிவான ஆயிலை ஊற்றிச் சிறிது ஓட்டி மறுபடி வடிக்க வேண்டும். பால் நிறம் போகும்வரை இரண்டு மூன்று முறை. 3.1 லிட்டர் என்ஜினுக்கு அது 6 முதல் 9 லிட்டர். அதற்குக் கிரேடு சரியான, விலை குறைந்த 10 லிட்டர் சரக்கு போதும், நல்ல சிந்தெடிக் கடைசியில். ஐப்பசி பிறந்தால் கேன்களைத் தரையில் வைக்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

வடித்த பழைய ஆயில் ஹேட்ச்பேக்கில் 2.9, ஸ்கூட்டரில் 0.6 லிட்டர். இரண்டும் சேர்த்து 3.5, வாங்கிய 3.5 லிட்டர் கேனில் இன்னும் 440 மில்லி இருக்கிறது, அதனால் பழைய 5 லிட்டர் கேனில் ஊற்றி "பழசு" என்று மார்க்கரில் எழுதியது. கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் அதில் கலக்கவில்லை. கலந்தால் எடுப்பவர் வாங்க மாட்டார். பழைய ஆயிலை உரிமம் பெற்று எடுப்பவர்களிடம் சேர்க்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்தாயிற்று. 440 மில்லி கேன், மூடி இறுக்கி, தேதி எழுதி, அலமாரியில்.