ஒட்டாமல் தொங்கவிட்ட கூரைத்துணி

திருகோணமலைக்கு நான் வந்தது 2018 கார்த்திகையில். அம்மாவும் அப்பாவும் 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது இங்கிருந்து இந்தியாவுக்குப் படகேறிப் போனவர்கள். அவர்களைப் பொறுத்தவரை இது ஊர் திரும்புவது. நான் தமிழ்நாட்டில், கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் பிறந்து, அங்கேயே பள்ளி முடித்தவன். கோணேசர் கோவிலையும் கன்னியா வெந்நீர் ஊற்றையும் அம்மா சொல்லிச் சொல்லியே தெரியும். கண்ணால் பார்த்தபோது எனக்கு இருபத்தாறு வயது. தங்கையின் படிப்பு முடியட்டும் என்று அப்பா அங்கேயே தங்கிவிட்டார். நானும் அம்மாவும் மட்டும் வந்தோம்.

முதல் ஒன்றரை வருடம் காகிதங்களிலேயே போனது. சென்னைத் துணைத் தூதரகத்தில் வாங்கிய பிறப்புப் பதிவு, அப்புறம் குடியுரிமைப் பதிவு, கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் என்று ஒன்று கிடைத்தால்தான் அடுத்தது. அது முடிவதற்குள் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன்பிறகு பழைய ஓட்டோவின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. மாமா தன் பங்குக்குக் கொஞ்சம் போட, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, 2021இல் பன்னிரண்டு வருடம் ஓடிய ஒரு ஓட்டோவை வாங்கினோம்.

பாஷை விஷயத்தில் எனக்குப் பெரிய சிரமம் இருக்காது என்று நினைத்திருந்தேன். முகாம் வீட்டுக்குள் நாங்கள் 'கதைத்தோம்', வாசலைத் தாண்டினால் 'பேசினோம்'. இரண்டும் வாயில் இருந்தது. ஆனால் அம்மா எனக்குக் கொடுத்த திருகோணமலைத் தமிழ் அடுப்படியிலும் கோவிலிலும் புழங்கும் தமிழ். வண்டிக்கும் கடைக்குமான சொற்கள் என்னிடம் இருந்ததெல்லாம் சென்னைச் சொற்கள். ஓட்டோவின் கூரையை 'டாப்' என்றேன், 'ஹூட்' என்றார்கள். சீட் கவர் கடை எங்கே என்று கேட்டேன், 'குஷன் வேர்க்ஸோ?' என்று திருப்பிக் கேட்டார்கள். கச்சான் தொடங்குமுன் ஹூட்டைப் பார்த்துக்கொள் என்று மாமா சொன்னபோது, கச்சான் என்றால் வேர்க்கடலை என்று மட்டும் தெரிந்த நான் கொஞ்ச நேரம் விளங்காமல் நின்றேன். வைகாசிவாக்கில் தொடங்கி மேற்கிலிருந்து தரையைச் சுட்டுக்கொண்டு வரும் காற்றுக்கும் இங்கே அதே பெயர்தான்.

ஹூட்டைப் பார்க்க வேண்டிய நிலை வந்ததற்கு 2022 ஒரு காரணம். எரிபொருள் தட்டுப்பாட்டு மாதங்களில் வண்டி ஓடியதைவிட வரிசையில் நின்றதுதான் அதிகம். எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூ.ஆர். முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லிட்டர். அதற்கு முந்தைய வாரங்களில் ஒரு முழு நாளும், சில தடவை அதைத் தாண்டியும், நிழலே இல்லாத தெருவோரத்தில் வண்டி காய்ந்தது. கறுப்பு றெக்சின் வெயிலை வாங்கி உள்ளே இறக்கும். றெக்சினுக்கும் உள்துணிக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஸ்பொஞ்ச் இருந்தது. பாலியூரித்தேன் ஸ்பொஞ்சுக்குச் சூடும் ஈரப்பதமும் சேர்ந்து வந்தால் ஆகாது. அதன் கட்டமைப்பே உடைந்து மாவாகிவிடும். கடலோர ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை.

அடுத்த வருடம் தை மாதத்தில் துணி தொய்ந்து பயணிகளின் தலையில் உரசத் தொடங்கியது. வண்டி குலுங்கும்போதெல்லாம் மாவாகிப்போன ஸ்பொஞ்ச் மஞ்சள் நிறத் தூளாகக் கொட்டும். ஒரு நாள் உவர்மலையிலிருந்து பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு ஒரு அம்மாவை ஏற்றிப் போனேன். இறங்கியபின் அவர் சேலைத் தோளைத் தட்டித் தட்டி நின்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை, காசையும் முழுதாகத் தந்தார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. கோவிலுக்கென்று உடுத்தி வந்த சேலை அது.

குஷன் கடையில் உள்துணியை மட்டும் மாற்ற 24,000 ரூபாய் கேட்டார்கள். அவர்களின் வேலைக்கு அது நியாயமான கூலிதான். என்னிடம் இல்லை, அவ்வளவுதான். சரி, நானே செய்யலாம் என்று இறங்கினேன்.

முதல் தடவை செய்தது தவறாகப் போனது. அதைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்ல முடியாது. 2,500 ரூபாய்க்குத் துணியும், செருப்புக்கும் மரப்பலகைக்கும் பூசுகிற மஞ்சள் பசை 1,400 ரூபாய்க்கும் வாங்கினேன். தொய்ந்த துணியைக் கிழித்து, உதிர்ந்த ஸ்பொஞ்சை விளக்குமாற்றால் தட்டிவிட்டு, மிச்சமிருந்ததன் மேலேயே பசை தடவி ஒட்டினேன். அன்று பார்க்க அழகாகவே இருந்தது. மூன்று வாரத்தில் நடுவில் ஒரு வயிறு விழுந்தது. ஐந்தாவது வாரம் பாதிக் கூரை கீழே வந்தது.

அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துக் காரணம் சொன்னவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். இருபது வருடம் குஷன் வேலை செய்துவிட்டு, இப்போது ஓட்டோ ஓட்டுகிறார். "தம்பி, இது ஒட்டினது ஹூட்டில இல்ல, தூளில. தூள் ஹூட்டில நிக்குமா?" என்றார். பழைய ஸ்பொஞ்சைக் கடைசித் துகள்வரை எடுக்காமல் எந்தப் பசை போட்டாலும் இதே கதிதான் என்றார். இந்தவகைப் பசையை இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, அதன்பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். நான் ஈரத்திலேயே அழுத்தியிருந்தேன். அப்படியே எல்லாம் சரியாகச் செய்தாலும், மதிய வெயிலில் கூரை சுடும்போது சாதாரணப் பசை இளகும் என்பதையும் அவரே சொன்னார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு நினைவுக்கு வந்தது. சென்னையில் கார் சாமான்களுக்கென்றே பெயர்போன தெரு அது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒன்றரை வருடம் அங்கே ஒரு சீட் கவர் கடையில் எடுபிடியாக இருந்தேன். மடக்கு டாப் வைத்த பழைய வெளிநாட்டுக் கார் ஒன்று ஒரு முறை வந்தது. உள்துணி நைந்துபோயிருந்தது. மாஸ்டர் பசை டப்பாவைத் தொடவே இல்லை. மூடித் திறக்கும் கூரைக்கு உள்துணியை ஒட்டவே கூடாது, மடிகிற இடமெல்லாம் பிய்ந்துவிடும், குறுக்குக் கம்பிகளில் தொங்கத்தான் விட வேண்டும் என்றார். துணியின் முதுகுப் பக்கம், பாவாடைக்கு நாடா கோர்க்கும் மடிப்பு மாதிரி வரிசையாகத் தைத்து, அதற்குள் கம்பியை விட்டார். நான் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்து நின்றவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும். இருந்தாலும் ஓட்டோவின் ஹூட்டும் கம்பிமேல் போர்த்திய கூரைதானே. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். வேறு நாட்டில், வேறு பெயர்களோடு பழகிய வேலை இந்த ஊரில் வேறொன்றாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. பழைய துணியின் ஓரத் தையலை பிளேடால் பிரிக்கும் முன்பே 'முன்', 'பின்', 'நடு' என்று சாக்குக்கட்டியால் எழுதினேன். முதல் தடவை துணியைக் கிழித்தபோது துண்டுகளை வீசாமல் அம்மா மூட்டை கட்டி வைத்திருந்தார், அதுதான் காப்பாற்றியது. வெயிலில் தொய்ந்த துணி நீண்டிருக்கும், அதை அப்படியே அளவாக வைத்து வெட்டினால் புதியதும் தொய்வாகவே வரும். அதனால் பழையதை நீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, கம்பிக்குக் கம்பி இடைவெளியை வண்டியிலேயே அளந்து சரிபார்த்தேன். சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதல் விட்டேன். பிழை வந்தால் வெட்டலாம், சேர்க்க முடியாது.

துணி தேர்வில் ஒரு விஷயம். கடைக்காரர் நல்ல பருத்தித் துணி எடுத்துக் காட்டினார். கூரைக்கு அது வேண்டாம். வாடைக் காலத்தில் ஈரம் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். கொஞ்சம் இழுபடுகிற மெல்லிய பாலியெஸ்டர், வெளிர் சாம்பல் நிறம், 4 மீட்டர் எடுத்தேன். மூலை வளைவுகளில் அந்த இழுவைதான் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளும். நூலும் பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் இற்றுவிடும். துணி முழுசாக இருக்க, தையல் மட்டும் வாய் பிளக்கும்.

கம்பிகள் மூன்றையும் உள்ளிருந்து பார்த்தபோதுதான் துரு தெரிந்தது. இதற்கு அப்பாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. முகாமிலிருந்த பல ஆண்களைப்போல அவரும் இத்தனை வருடமும் பெயின்ட் வேலைதான் செய்தார். சென்னைப் பக்கம் எத்தனையோ ஜன்னல் கம்பிகள் அவர் கைபட்டவை. வீடியோவில் கம்பியைக் காட்டினேன். "உப்புக்காத்து. நல்லாத் தேய், பளபளப்பு வரும்வரைக்கும் தேய். ஈரத் துணியால துடைக்காத. தேய்ச்ச அன்றைக்கே பிரைமர் அடிச்சுடு, ஒரு ராத்திரி விட்டாலும் திரும்பத் துரு ஏறும்" என்றார். ரெட் ஆக்சைடு பிரைமர் என்று ஹார்ட்வெயாரில் கேட்டேன். 'அன்டி கொரோசிவ்' என்று சொன்ன பிறகுதான் எடுத்துத் தந்தார்கள். அதன்மேல் எனாமல் இரண்டு கை. பெயின்ட் காய்கிற நேரமெல்லாம் அப்பா போனை வைக்கவில்லை. பின்னால் யார் வீடு தெரிகிறது, அந்த மாமரம் இன்னும் நிற்கிறதா, கடற்கரையில் மான்கள் இப்போதும் படுத்திருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முனைவரை போய்க் காட்டினேன். மான்களைக் காட்ட டச்சுக்குடாப் பக்கம் போக வேண்டும், வண்டியோ கூரையில்லாமல் நின்றது.

தையல் மாமியின் சிங்கர் மெஷினில். 1877இலிருந்து இந்தத் தீவில் விற்கிற மெஷின் என்பதாலோ என்னவோ, அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கு வீட்டில் இருக்கிறது. "துணியெண்டால் தை. றெக்சினைக் கொண்டுவந்து வைச்சு ஊசியை முறிச்சுப் போடாத" என்று சொல்லித்தான் கொடுத்தார். 16ஆம் நம்பர் ஊசி போட்டேன். தையலின் நீளத்தைக் கூட்டி வைத்தேன். றெக்சின் பட்டி சேரும் ஓரத்தில் நெருக்கமாகத் தைத்தால் தபால் முத்திரைத் தாளில் துளை போட்ட மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். அந்த ஓரம் வந்தபோது மாமி பக்கத்தில் வந்து நின்றார். மெஷினை மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டிக் கடந்தேன்.

மாஸ்டர் செய்ததிலிருந்து ஒரு இடத்தில் விலகவேண்டி வந்தது. என் வண்டியில் கம்பிகள் சட்டத்தோடு பற்றவைத்தவை, கழற்றிக் கோர்க்க முடியாது. அதனால் முழு மடிப்பாகத் தைக்காமல், துணியின் முதுகில் மூன்று பட்டிகளை விட்டு, ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெல்க்ரோ தைத்தேன். பட்டி கம்பியைச் சுற்றி வந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக்கு மேலே இருக்கும் தகட்டுப் பட்டிக்குள் முன் விளிம்பைச் செருகி நான்கு திருகாணி. பக்க ஓரங்களுக்கும் வெல்க்ரோ.

மாட்டும்போது முன்னாலிருந்து தொடங்கக் கூடாது. நடுக் கம்பியில் பட்டியின் மையத்தை வைத்து இரண்டு பக்கமும் சமமாகக் கட்டினேன். அடுத்துப் பின் கம்பி, கடைசியில் முன் கம்பி. இழுவை நடுவிலிருந்து வெளியே போனால்தான் சுருக்கமும் ஓரத்துக்குப் போகும். தோல் மாதிரி இறுக்கவும் கூடாது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது சட்டம் அசையும், கொஞ்சம் தளர்வு இல்லாவிட்டால் தையல் வாங்கிக்கொள்ளும். பின் இடது மூலையில் ஒரு சுருக்கம் நின்றது. மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். நாலாவது முறையில்தான் போனது.

துணி 3,600, நூல் 350, வெல்க்ரோ 600, றெக்சின் பட்டி 450, பிரைமரும் பெயின்டும் 1,000. மொத்தம் 6,000 ரூபாய். முதல் தடவை வீணாய்ப்போன 3,900ஐச் சேர்த்தால் 9,900. ஸ்பொஞ்ச் மறுபடி போடவில்லை. உள்ளே சூடு கொஞ்சம் கூடும் என்று நானா எச்சரித்தார், உண்மைதான். றெக்சினுக்கும் துணிக்கும் இடையில் இப்போது காற்றுப் போக வழி இருப்பதால் தாங்குகிறது.

மார்கழி மழையில் பின்பக்கத் தையல் வழியாக நீர் இறங்கி, துணியில் உள்ளங்கை அகலத்துக்குத் துருக்கறை மாதிரி ஒரு வட்டம் வந்தது. நான்கு திருகாணியைக் கழற்றி வெல்க்ரோவைப் பிரித்தேன். கூரை மொத்தமாக மடியில் வந்து விழுந்தது. அம்மா சவர்க்காரம் போட்டு அலசினார். ஹூட்டின் தையலுக்கு வெளியே நானா ஒரு றெக்சின் துண்டை வைத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் துணி கொடியிலேயே காய்ந்தது. பின்னேரம் பஸ் நிலையத்துக்கு ஓட்டம் போனேன்.